நாளைக்கும் வருவியளோ?

"வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?"

வேலைக்கென்று வந்து நின்ற எவரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். படிப்பை அதற்குப் பிறகுதான் கேட்பேன். சில நாட்களில் அதைக் கேட்கவே மாட்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் படித்துத் தாதிய உத்தியோகத்தராகி, வன்னிக்கு நியமனம் பெற்று வந்தவள். போரின் கடைசி மாதங்களில், 2008 இறுதியிலிருந்து 2009 மே வரை, வைத்தியசாலை இடம்பெயர்ந்த இடமெல்லாம் நானும் போனேன். கிளிநொச்சி, தருமபுரம், வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். அந்த மாதங்களில் காயத்துக்கு மருந்து கட்டியது என் வேலையில் பாதிதான். மற்றப் பாதி, மருந்து கட்ட ஆள் தேடுவதும் தேடிப் பிடித்த ஆளை வைத்திருப்பதும். பயிற்சிக் கல்லூரியில் அந்த இரண்டாவது பாதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது தாதியராகப் படிக்கிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, "மிஸ்ஸி, அந்த நேரம் எப்படிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்கிறார்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. எழுதினால் முடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆள் குறைவு அன்றைக்குத் தொடங்கியதல்ல. 2006 ஆகஸ்டில், கண்டியிலிருந்து வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை மூடியதிலிருந்தே வன்னிக்குள் புதிதாக வருகிற தாதியர் மிகக் குறைவு. உள்ளே இருந்தவர்கள்தான் இருந்தார்கள். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொன்ன பிறகு ஐ.சி.ஆர்.சி. என்கிற சர்வதேச செஞ்சிலுவைக் குழு மட்டும் மிஞ்சியது. ஆனால் உண்மையில் எங்களைக் கரைத்தது இடப்பெயர்வுதான். வைத்தியசாலை ஒரு திசைக்குப் போகும். தாதியின் குடும்பம் கிடைத்த ட்ரக்டரில் ஏறி இன்னொரு திசைக்குப் போகும். கட்டில்களையும் மருந்துப் பெட்டிகளையும் ட்ரக்டர்ப் பெட்டியில் ஏற்றி, புது இடத்தில் இறக்கி, ஆட்களை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பேர் குறைந்திருப்பார்கள். அவர்கள் வேலையை விட்டு ஓடினார்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தங்கள் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் போனார்கள்.

தருமபுரத்தில் நின்றபோது ஒரு மட்டையில் எழுதி வைத்தியசாலை வாசலிலும் பக்கத்துக் கோயிலடியிலும் கட்டினோம். ஓ.எல். (சாதாரண தரம்) படித்த, 18 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் தேவை, முதலுதவி பழக்கப்படும் என்று. மூன்று நாள் பார்த்தோம். ஒருவரும் வரவில்லை.

வராதது நியாயம். வயசுப் பிள்ளை ஒன்று பகலில் தெருவால் நடந்து போனால் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பில் பிடிபட்டுவிடும் என்று பெற்றோர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவசர அவசரமாகத் தாலியைக் கட்டி வைத்தவர்கள் இருந்தார்கள். பிள்ளையைப் பங்கருக்குள் ஒளித்து, சாப்பாட்டை உள்ளே நீட்டியவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட தாயிடம் போய், உன் பிள்ளையை விடியவும் பொழுதுபடவும் தனியே நடந்துவர விடு என்று ஒரு மட்டை கேட்கிறதென்றால், அந்த மட்டையை எழுதியவளுக்கு ஊர் நிலைமை தெரியவில்லை என்றுதான் அர்த்தம். நான்காம் நாள் நானே போய் அவிழ்த்தேன்.

நான் தேடிய ஆட்கள் வாட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்கள். காயக்காரருக்குத் துணைக்கு வந்தவர்கள்தான் அவர்கள்.

மல்லாவியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அக்கா. மகனுக்குக் காலில் காயம். முதல் நாள் மகனின் பாயை விட்டு அசையவில்லை. இரண்டாம் நாள் பக்கத்துப் பாயில் கிடந்த வயோதிபர் ஒருவர் தண்ணி கேட்க, எழும்பிப் போய்க் கொடுத்தார். பிறகு அதற்கு அடுத்த பாய்க்காரரின் தலையணையைச் சரிசெய்தார். பின்னேரம் பார்த்தால் நான்கு பேருக்கு அவர்தான் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு நோயாளி சாப்பிடவில்லை, வயிறு உப்பியிருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவர்தான். அன்று இரவு ஒரு கட்டு மாற்றும்போது கேட்டேன்.

"அக்கா, இந்தக் கையை ஒருக்காப் பிடிச்சிருப்பியளோ?"

"ஓம் மிஸ்ஸி."

முழங்கைக்குக் கீழே சதை கிழிந்த கை. அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் பிடித்த கை ஆடவில்லை. கடைசி முடிச்சுப் போடும்வரை அப்படியே நின்றார். அதற்குப் பிறகு ஆள் எடுக்க எனக்கு இருந்த சோதனை அதுதான். முகம் திரும்பலாம், கண்ணீர் வரலாம், பிடித்த கை அசையக் கூடாது. முகம் இரண்டு மூன்று நாளில் தானாகத் திரும்பி வந்துவிடும்.

இப்படித் துணைக்கு நிற்பவர்களைப் பார்த்து எடுப்பதில் இன்னொரு நன்மையும் இருந்தது. அவர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். தெருவால் நடந்து வரத் தேவையில்லை. சொந்தக் காயக்காரர் கண்முன்னே கிடப்பதால் மனம் வேறு எங்கும் ஓடாது. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள், தாய்மார், கணவனை இழந்தவர்கள். அவர்களில் கனபேர் ஓ.எல். வரைக்கும் போகவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் விழித்திருந்து பழகியவர்கள்.

எல்லோரையும் எடுக்கவில்லை. குடும்பத்தில் எல்லோரையும் இழந்து, மறுநாளே வந்து "ஏதாவது வேலை தாங்கோ, சும்மா இருக்கேலாது" என்று நின்றவர்களை உடனே காயக்காரரிடம் விடமாட்டேன். அவர்களைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன். சேலை கிழிக்கிற இடத்திலோ, கிடாரத்தில் தண்ணி கொதிக்க வைக்கிற அடுப்படியிலோ மற்றப் பெண்களுக்கு நடுவில் இருத்துவேன். ஒரு கிழமைக்குப் பிறகு அவர்களே சொல்வார்கள், உள்ளே வரலாமா இல்லையா என்று. பிள்ளையை இழந்த தாயைப் பிள்ளைகள் கிடக்கிற பக்கம் போடக் கூடாது என்பதையும் அங்கேதான் பழகினேன். அதை மீறிச் செய்த ஒரு தடவை இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

ஆண்களிலும் வயது போனவர்களைத்தான் தேடினேன். கடற்றொழிலாளர்கள் நல்ல தோள்காரர்கள். காயக்காரரைத் தூக்குவதற்கு அவர்களைப் போல் ஆள் கிடையாது, கால் மணலில் புதைந்தாலும் நடை குலையாது. சலூன் வைத்திருந்த ஒரு ஐயா தலைக் காயக்காரருக்கு முடி வழித்துத் தருவார். வழிக்கிற நேரத்தில் அவர் பேசிக்கொடுக்கிற பேச்சில் பாதி வலி போகும். தையல்காரர் ஒருவர் மெசினோடு வந்து எங்களோடேயே இருந்தார். கடற்கரைப் பக்கம் முழுக்க மணல். பங்கர் வெட்டினால் சரியும். மண்மூட்டைக்குச் சாக்கு இல்லை. சனம் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த சேலைகளைத் தைத்துத்தான் மூட்டை போட்டார்கள். கலியாணக் கூறைகூட மணல் நிரம்பி அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே சேலைகளில் பருத்தி எது, நைலோன் எது என்று பிரித்து, பருத்தியைக் கட்டுத்துணிக்கு எடுத்து, நைலோனை மூட்டைக்குக் கொடுத்தது அந்தத் தையல்கார அண்ணைதான். எனக்குத் தெரியாத விஷயம் அது. நைலோன் கொதிக்க வைத்தால் சுருங்கும், காயத்தின் ஈரத்தையும் உறிஞ்சாது.

ஒருவருக்கு ஒரு வேலை. பழக்கியதில் நான் கடைசிவரை விடாமல் வைத்திருந்த ஒழுங்கு இது. மூன்று வருடப் படிப்பை மூன்று நாளில் கொடுக்கமுடியாது. ஆனால் ஒரு வேலையை மூன்று நாளில் நன்றாகப் பழக்கலாம். மல்லாவி அக்காவுக்குக் கட்டு மாற்றுவது மட்டும்.

முதல் நாள் அவர் என் கையைப் பார்த்தார். பழைய கட்டைப் பிய்த்து எடுக்கக் கூடாது. காய்ந்த கோஸ் சதையோடு ஒட்டியிருக்கும். சேலைன் ஊற்றி நனைத்து, அது தானாக விடும்வரை பொறுக்க வேண்டும். சேலைன் தட்டுப்பாடான பிறகு காய்ச்சி ஆறவைத்த தண்ணியில் அளந்து உப்புப் போட்டோம், ஒரு லீற்றருக்கு ஒன்பது கிராம். தராசு இல்லாததால் ஒரு சோடா மூடியை அளவாக வைத்துக்கொண்டோம். அது காயம் கழுவ மட்டும். நரம்பில் ஏற்றுவதற்கு எந்தக் காலத்திலும் இல்லை என்பதை ஒவ்வொருவரிடமும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். பிறகு காயத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும்: சிவப்புப் பரவுகிறதா, கறுக்கிறதா, அமத்தினால் நொறுநொறு என்று சத்தம் வருகிறதா. மணம் எப்படி. இந்த நான்கில் ஒன்று மாறினாலும் கட்ட வேண்டாம், என்னைக் கூப்பிட வேண்டும்.

இரண்டாம் நாள் அவர் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். மூன்றாம் நாள் அவர் செய்தார், நான் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த பாயில் வேலை செய்தேன். நாலாம் நாளிலிருந்து இன்னொருவர் அவருக்குப் பக்கத்தில் நின்று பழகினார். என்னை விட அக்கா நன்றாகப் பழக்கினார். "வெங்காயத் தோல் உரிக்கிற மாதிரிப் பிள்ளை, இழுக்காத, அது தானா வரும்" என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் மறக்கவில்லை.

சேலைன் பார்க்கிறவர்களுக்குத் துளி எண்ணப் பழக்கினோம். சாதாரண செற்றில் 20 துளி ஒரு மில்லிலீற்றர். 500 மில்லிப் போத்தல் நாலு மணித்தியாலத்தில் இறங்க நிமிடத்துக்கு 42 துளி. இந்தக் கணக்கை அவர்கள் தலையில் வைத்திருக்கத் தேவையில்லை. போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி, தொடங்கிய நேரமும் துளி எண்ணிக்கையும் நாங்கள் எழுதிவிடுவோம். புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் மரத்தடியில் எல்லாம் காயக்காரர் கிடந்தார்கள். கொப்புகளில் கட்டித்தான் போத்தல் தொங்கும். காற்றடித்தால் போத்தல் ஆடும், துளி மாறும். அதனால் அந்தப் பக்கத்துக்கு எப்போதும் ஒருவர் வேண்டும். கையில் மணிக்கூடு கட்டியிருக்கிறவரைத்தான் அங்கே போடுவேன். அவரின் தகுதி அந்த மணிக்கூடு.

யார் என்ன செய்யலாம் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். செல் (எறிகணை) விழுந்து ஒரே நேரத்தில் முப்பது பேரைக் கொண்டுவந்து இறக்கும்போது பெயர் நினைவுக்கு வராது. மேல்கையில் துணி கட்டினோம். நீலம் கட்டு மாற்றுபவர், மஞ்சள் சேலைன் பார்ப்பவர், துணி இல்லாதவர் தூக்குவதும் துடைப்பதும். ஊசி போடுவது படித்த தாதியர் மட்டும். இதில் நான் இளகவே இல்லை. இரத்தம் நிறுத்த இறுக்கிக் கட்டிவந்த காயக்காரரின் நெற்றியில் கட்டிய நேரத்தை எழுதுவது எல்லோருக்கும் பொதுவான வேலை. பேனா இல்லாவிட்டால் கரி. இரண்டு மணித்தியாலம் தாண்டினால் அந்த உறுப்பு போய்விடக்கூடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

இது பழக்கிய கதை. ஆள் நிற்கிற கதை வேறு.

விசுவமடுவிலிருந்து வந்த ஒரு பிள்ளை. கலியாணம் முடித்து ஒரு கைக்குழந்தை. குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வருவாள். நல்ல கை, நல்ல நினைவு. நாங்கள் புதுக்குடியிருப்பில் இருந்த கடைசி நாட்கள். பெப்ரவரி தொடக்கத்தில் வைத்தியசாலை மீதே திரும்பத் திரும்பச் செல் விழுந்த நேரம். அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பு, ஒரு மத்தியானம், அவளுடைய கொட்டில் இருந்த திசையில் தொடர்ந்து சத்தம் கேட்டது. அவள் ஒரு சின்னப் பெடியனுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. கத்தரிக்கோலைப் பிடித்தபடி அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ்ஸி, நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரட்டோ?"

அந்த நேரம் வாசலில் ட்ரக்டர் ஒன்று காயக்காரரோடு வந்து நின்றது. நான் சொன்னேன், "இப்ப போகேலாது. எல்லாருக்கும் வீடு இருக்குத்தானே." குரலை உயர்த்தித்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கட்டை முடித்தாள். அடுத்த காயக்காரரைப் பார்த்தாள். இருட்டும்வரை நின்றாள். போகும்போது நீலத் துணியை அவிழ்த்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

குழந்தைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அவள் திரும்பி வரவில்லை. நான்கு மணித்தியால வேலையை அன்றைக்கு அவளிடமிருந்து பிடுங்கினேன். அதற்குப் பிறகு வந்திருக்கக் கூடிய மூன்று மாத வேலையை இழந்தேன். அவளை மட்டும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேரும் அடுத்த கிழமை வரவில்லை.

புதுமாத்தளனுக்குப் போன பிறகு ஒழுங்கை முழுக்க மாற்றினேன். செல் சத்தம் ஓய்ந்ததும், காயக்காரர் வரத் தொடங்குவதற்கு முன், இரண்டு இரண்டு பேராக வீட்டுக்கு விடுவது. ஒருவர் தன் கொட்டிலைப் பார்ப்பார், அதே பக்கத்தில் இருக்கிற மற்றவர்களின் கொட்டில்களையும் எட்டிப் பார்ப்பார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, "உங்கட ஆக்கள் எல்லாரும் சுகம்" என்று சொல்வார். அந்த ஒரு வசனம் கிடைத்தவர் அதற்குப் பிறகு எத்தனை மணித்தியாலமும் நிற்பார். இரண்டு பேரை அரை மணித்தியாலம் விடுவதால் வேலை குறையவில்லை. ஏங்கிக்கொண்டு நிற்கிற பத்துப் பேரின் கையை விட, விஷயம் தெரிந்து நிற்கிற எட்டுப் பேரின் கை வேகமானது.

கடமைப் பட்டியலை மூப்புப்படி போடுவதையும் விட்டேன். கொட்டில் இருக்கிற இடத்தின்படி போட்டேன். ஒரே பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒன்றாக வந்து ஒன்றாகப் போக வேண்டும். பன்னிரண்டு மணித்தியால டியூட்டியை ஆறாகக் குறைத்தேன். ஆள் பற்றாத நேரத்தில் நேரத்தைக் குறைப்பதா என்று டொக்டர்மார்கூட முதலில் யோசித்தார்கள். ஆனால் ஆறு மணித்தியாலம் என்றால் ஒரு தாய் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வரலாம், தண்ணிக்கு வரிசையில் நிற்கலாம், நிவாரணத்துக்குப் போகலாம். பன்னிரண்டு என்றால் இரண்டாம் நாளே வீட்டில் சண்டை வரும். முடிந்தவர்களின் குடும்பங்களை வைத்தியசாலைக்கு அருகே கொட்டில் போடச் சொன்னோம். அதை நான் முழுமனதோடு சொல்லவில்லை. வைத்தியசாலைக்கு அருகில் இருப்பது பாதுகாப்பு என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடிய நிலை அங்கே இல்லை. தெரிந்ததைச் சொல்லி, முடிவை அவர்களிடம் விட்டேன்.

சாப்பாடு. 2009 ஜனவரிக்குப் பிறகு தரைவழியால் உணவு லொறி வரவில்லை, கப்பலில் வந்ததுதான். கஞ்சிக் கிடாரத்தில் முதல் சிரட்டை காயக்காரருக்கு, இரண்டாவது டியூட்டி முடித்து வருகிறவருக்கு, மூன்றாவது அவர் வீட்டுக்குக் கொண்டுபோக. இந்த மூன்றாவதைப் பற்றிச் சிலர் குறை சொன்னார்கள். தொண்டுக்கு வந்தவர்களுக்கு எதற்கு வீட்டுக்கும் என்று. பிள்ளை பசியோடு இருக்கத் தான் மட்டும் கஞ்சி குடிக்கிற தாய் இருக்கிறாளா? கொடுக்காவிட்டால் தன் பங்கைக் குடிக்காமல் கொண்டுபோவாள், மறுநாள் வாட்டில் மயங்கி விழுவாள். அதையும் கண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 10 முதல் காயக்காரரைக் கப்பலில் ஏற்றத் தொடங்கினார்கள். முதல் நாள் 240 பேரளவில் புதுமாத்தளனிலிருந்து திருகோணமலைக்குப் போனார்கள். பிறகு மார்ச்சில் இந்திய மருத்துவக் குழுவொன்று புல்மோட்டையில் கள வைத்தியசாலை தொடங்கியதும் கப்பல்கள் அங்கே போயின. கடைசியாக மே 9 வரை, துணைக்குப் போனவர்களையும் சேர்த்து 13,000 பேருக்கு மேல் அந்த வழியால் வெளியேறினார்கள். கப்பல் கரைக்கு வராது. வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். இடுப்பளவு தண்ணிக்குள் நின்று காயக்காரரைத் தலைக்கு மேலே பிடித்துக் கொடுத்த ஆட்கள் நான் முதலில் சொன்ன கடற்றொழிலாளர்கள்தான்.

கப்பல் நாள் என்றால் தொண்டர்களுக்கு அது ஒரு பெரிய சோதனை நாள். காயக்காரரோடு துணைக்கு ஒருவர் போகலாம். சொந்தத் தம்பியோ பிள்ளையோ பட்டியலில் வந்துவிட்டால், எங்களிடம் வேலை செய்கிறவர் போவதா நிற்பதா? நான் யாரையும் நில் என்று சொல்லவில்லை. விசுவமடுப் பிள்ளையிடம் நான் கற்ற பாடம் அது. பட்டியல் வாசிக்கிற காலையிலேயே சொல்லிவிடுவேன், போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், யாரும் முகம் கோணமாட்டோம் என்று. அதனால் கப்பல் நாட்களுக்கு முன்கூட்டியே இரண்டு மடங்கு ஆட்களை வரச் சொல்லி வைத்திருப்பேன். போனவர் தன் வேலையைப் பத்து நிமிடத்தில் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஒளித்துப் போகவில்லை, யாரும். அப்படிப் போகத் தேவையே இருக்கவில்லை.

அனுப்புகிற ஒவ்வொருவரின் சட்டையிலும் ஒரு துண்டு குத்துவோம். என்ன காயம், என்ன செய்தோம், கடைசியாக என்ன மருந்து எத்தனை மணிக்கு. அதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதப் பழக்கினோம், அந்தப் பக்கம் வாங்குகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். கீழே தமிழில் பெயரும் ஊரும். சின்னப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் பெயரும் சேர்த்து இரண்டு துண்டு, ஒன்று சட்டையில், ஒன்று வயிற்றில் கட்டிய துணியில். சட்டை கழற்றுவார்கள் என்பதை முதல் கப்பலில் யோசிக்கவில்லை.

நித்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஆறு மணித்தியாலம் வைத்த நான் எனக்கு வைக்கவில்லை. ஏப்ரலில் ஒருநாள், எத்தனை மணித்தியாலம் நின்றேன் என்று தெரியாத ஒரு இரவில், தவறான போத்தலைக் கொளுவினேன். பக்கத்தில் நின்ற மஞ்சள் துணிக்காரப் பிள்ளை, "மிஸ்ஸி, இது மற்ற அண்ணையின்ர" என்று கையைப் பிடித்தாள். பதினெட்டு வயது இருக்கும். அவள் என் கையைப் பிடிக்கப் பயப்படாமல் இருந்ததால் அந்த அண்ணை தப்பினார். அன்றிலிருந்து பொறுப்பானவரின் பெயரும் பட்டியலில் ஏறியது, நித்திரைக்கும் சேர்த்து. பிழையைச் சுட்டிக்காட்டுகிற ஆளை எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லிக் கூப்பிடுவோம். அடுத்த முறையும் யாராவது கையைப் பிடிக்க வேண்டுமே.

எங்களோடு வேலை செய்தவர்களில் சிலர் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே போனார்கள். அதை விவரித்து எழுத என்னால் முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மற்றவர்கள் வாய்வழியாகக் கேட்டறிய விடக் கூடாது. அடுத்த டியூட்டிக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, நானே சொல்வேன், பெயரைச் சொல்லி. ஐந்து நிமிடம் எல்லோரும் அழுவோம். பிறகு அன்றைக்கு வேலை செய்ய முடியாதவர் அடுப்படிக்குப் போவார். முடிந்தவர் உள்ளே வருவார். எதற்கும் காரணம் கேட்கவில்லை.

ஏப்ரல் 20க்குப் பிறகு முள்ளிவாய்க்கால். அங்கே பட்டியல் போட்ட நாட்கள் குறைவு. அன்றன்றைக்கு யார் வந்தார்களோ அவர்கள்தான். புதுமாத்தளனில் பழகியவர்கள் தாங்களாகவே தங்கள் வேலையைத் தேடிக்கொண்டார்கள். நான் இல்லாத நேரத்திலும் கட்டு மாறியது.

ஒரு சொப்பின் பைக்குள் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு வந்ததால் வருகைக் கொப்பி மட்டும் என்னோடு வெளியே வந்தது. செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் என் பெரிய பிழை தெரிந்தது. "மல்லாவி அக்கா, கட்டு, பகல்." "சலூன் ஐயா." "கண்ணாடிப் பிள்ளை, சேலைன், இரவு." இப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். வாயால் கூப்பிட்ட பெயர்கள். அந்த நேரம் அது போதுமாக இருந்தது.

முகாமில் தொண்டர்கள் தேவைப்பட்டபோது இவர்கள்தான் முதலில் போய் நின்றார்கள். நீங்கள் யார், எங்கே பழகினீர்கள் என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. பின்னாட்களில் வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு எத்தனையோ தடவை வீதியில் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு என் கொப்பிதான் நினைவுக்கு வரும். மல்லாவி அக்கா முகாமில் என்னைத் தேடி வந்தார், மகன் ஊன்றுகோலோடு பின்னால். அவரின் முழுப்பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். என் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை என்று. பிறகு ஒருவர் சொல்லி ஒருவராகச் சிலர் வந்தார்கள். வராதவர்கள்தான் கூட. கண்ணாடிப் பிள்ளையைக் கண்டவர் யாரும் இல்லை.

வெள்ளப் பயிற்சிக்கோ டெங்குக் காலத்துக்கோ தொண்டர் சேர்க்கும்போது இப்போது நான் கொண்டுபோகிற கொப்பியில் முதல் நாளே கோடு போட்டுவிடுவேன். முழுப்பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், இப்போது இருக்கிற இடம், வீட்டில் யார் யார், என்ன பழகினார், எந்தத் திகதியிலிருந்து. இரண்டு பிரதி. இரண்டாவதை வேறு வீட்டில் இருக்கிற ஒருவரிடம் கொடுத்து வைப்பேன்.